அருவிக்குப் போக எது நல்ல மாதம்? முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மே மாதம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்கள் வீட்டுக்குப் போன் வரத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து அத்தை, மதுரையிலிருந்து பெரியம்மா மகன், கூடப் படித்தவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அருவியில தண்ணி விழுதா?" தென்காசிப் பக்கம் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், கேட்காமலேயே வேன் பிடித்து வந்து இறங்கிய பதினான்கு பேரைக் குற்றாலம் பேரருவிக்குக் கூட்டிப்போனேன். பாறையில் ஒரு ஈரக்கோடு மட்டும் இருந்தது. பிள்ளைகள் புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பாறையையே பார்த்தபடி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. இன்னொரு குடும்பம் அப்படி நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"சுருக்கமா ஒரு மாசம் சொல்லுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. எல்லா அருவிக்கும் சேர்த்து ஒரு மாதம் சொல்ல முடியாது. குற்றாலத்தில் தண்ணீர் கொட்டும்போது கொல்லிமலையில் நூலாக வடியலாம். கொடைக்கானல் மலை அருவிகள் நிரம்பும் மாதத்தில் குற்றாலத்தில் குளிக்கவே விடாமல் இருக்கலாம். ஆனால் எந்த அருவியாக இருந்தாலும் சரியான நாளைக் கண்டுபிடிக்க ஒரே வழிமுறைதான். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: குளிக்கவா, பார்க்கவா?

இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். இரண்டுக்கும் நாள் வேறு.

குளிக்க வேண்டுமென்றால் தண்ணீர் அளவாக விழ வேண்டும். தலையில் விழுந்தால் சுகமாக இருக்க வேண்டும், ஆளைத் தள்ளக் கூடாது. மழை பெய்து வெள்ளம் வந்து, அது வடிந்த அடுத்த சில நாட்கள்தான் குளியலுக்கு ஏற்றவை. பார்க்க மட்டும்தான் என்றால் மழை வலுத்திருக்கும் நாட்களே அழகு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைச்சாலையில் டம் டம் பாறை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்றால் எதிர்மலையில் தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். உயரம் 297 மீட்டர். மழைக்காலம் முடியும் நேரத்தில் மேகம் விலகி அந்த வெள்ளைக் கோடு முழுதாகத் தெரிந்தால், வண்டியில் ஏற மனசு வராது. அங்கே குளிக்கும் பேச்சே கிடையாது.

வயதானவர்களும் குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் குளியல் நாளையே தேர்ந்தெடுங்கள். குற்றாலத்தில் புலியருவியும் சிற்றருவியும் சிறியவை, வேகம் குறைவு. சின்னப் பிள்ளைகளை அங்கே நிம்மதியாக விடலாம்.

இரண்டாம் படி: அந்த அருவிக்கு எந்த மழை?

இதுதான் முக்கியமான படி. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நமக்கு வருடத்தில் இரண்டு பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் பக்கமிருந்து வருவது தென்மேற்குப் பருவமழை. கேரளத்தில் வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் பக்கமிருந்து வருவது வடகிழக்குப் பருவமழை. மேற்குத் தொடர்ச்சி மலை நடுவில் சுவர் மாதிரி நிற்பதால், தென்மேற்கு மழை பெரும்பாலும் கேரளப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். தமிழ்நாட்டுக்குக் காற்றுதான் மிச்சம்.

அப்படியென்றால் குற்றாலத்துக்கு ஜூனில் எப்படித் தண்ணீர்? செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு பக்கம் மலை தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. அந்த வழியாகக் காற்று ஈரத்தோடு உள்ளே வந்துவிடும். மலை முகட்டில் மழை பெய்யும், கீழே தென்காசி, செங்கோட்டை, இலஞ்சிப் பக்கம் பொடிப்பொடியாகச் சாரல் விழும். முகட்டில் பெய்தது சிற்றாறாக ஓடி வந்து அருவியாக விழும். சுற்றிலும் வெயில் காயும்போது இந்தச் சின்ன வட்டாரம் மட்டும் குளிர்ந்து கிடக்கும். இதைத்தான் நாங்கள் சீசன் என்கிறோம். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் சீசன். அதிலும் ஆனிக் கடைசியும் ஆடி முதல் பாதியும், அதாவது ஜூலை மாதம், எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த நாட்கள். வெயில் ஒரு பக்கம், சாரல் ஒரு பக்கம், நடுவில் காற்று. குளித்து வந்து ஈரத்தலையோடு ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கித் தின்றுகொண்டு நடக்கிற சுகம் வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது.

ஒரு விஷயம் கவனியுங்கள். சீசன் என்றால் தொண்ணூறு நாளும் தண்ணீர் என்று அர்த்தமில்லை. நடுவில் மழை ஓய்ந்து நாலைந்து நாள் வெயில் அடித்தால் ஐந்தருவியில் ஐந்து கிளையும் மெலிந்துவிடும். மறுபடி சாரல் பிடித்தால் மறுபடி கொட்டும். ஆகவே ஒரு மாதம் முன்பே அறை பதிவு செய்து, அந்தத் தேதியில் தண்ணீர் இல்லாவிட்டால் சண்டை போடுவதில் பயனில்லை. தேதியை மாற்ற வசதி உள்ள அறையாகப் பார்த்துப் பிடியுங்கள்.

கோவைக் குற்றாலம், பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் வழியில் இருக்கும் குரங்கு அருவி ஆகியவையும் தென்மேற்கு மழையை நம்பியவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே போகலாம். கன்னியாகுமரி மாவட்டத்துத் திற்பரப்புக்கு இரண்டு மழையும் உண்டு, அதனால் அந்த ஊருக்கு வாய்ப்பு அதிகம்.

கிழக்கே திரும்பினால் கணக்கு மாறும். கொல்லிமலை ஆகாயகங்கை, ஏற்காட்டுக் கிளியூர் அருவி, பெரியகுளம் கும்பக்கரை, கொடைக்கானல் போகும் வழியில் சாலையோரமே விழும் வெள்ளி நீர்வீழ்ச்சி, மாஞ்சோலை போகும் வழியில் மணிமுத்தாறு அருவி ஆகியவை நன்றாக நிரம்புவது வடகிழக்கு மழையில்தான். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து வானம் தெளிந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை போனால் தண்ணீரும் இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும். ஆகாயகங்கைக்கு அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மழையில் அந்தப் படி வழுக்கும். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போதுதான் முழங்கால் பேசும். மூட்டுவலி இருப்பவர்களை மேலே கோயிலிலேயே உட்காரச் சொல்லிவிடுங்கள்.

குற்றாலத்துக்கு வடகிழக்கு மழையும் உண்டே, அப்போது போகலாமா? போகலாம். ஆனால் அந்த மழை கிழக்குப் பக்கச் சரிவில் நேராக மோதும். சாரலாக வராது, கொட்டும். பேரருவியில் பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் விழுந்து, குளிக்கத் தடை போடுவது ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம். கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். முதல்முறை வருகிறவர்களுக்கு அந்த மாதங்களை நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் படி: மேலே அணை இருக்கிறதா?

அருவிக்கு மேலே அணை இருந்தால் உள்ளூர் வானத்தைப் பார்த்துப் பயனில்லை, அணையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒகேனக்கல் இதற்கு நல்ல உதாரணம். தர்மபுரியில் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் அங்கே வெள்ளம் வரலாம். குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி, உபரி நீரைத் திறந்துவிட்டால் அது காவிரியில் இறங்கி ஒகேனக்கல்லுக்கு வரும். 2018-லும் 2024-லும் அந்த அணைகள் நிரம்பியபோது விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வந்து, அருவிகளே தெரியாமல் ஆறு மூடிப் போனது. அப்படி வரும்போது பரிசலும் கிடையாது, குளியலும் கிடையாது. எல்லையில் பிலிகுண்டுலு என்ற இடத்தில் நீர்வரத்தை அளப்பார்கள். அந்த அளவு தினமும் செய்தியில் வரும். லட்சக்கணக்கில் ஏறிய வெள்ளம் இறங்கி, "பரிசல் இயக்க அனுமதி" என்ற செய்தி வந்த பிறகு கிளம்புங்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அந்த மாதிரி நாட்கள் கிடைக்கும்.

கர்நாடகத்து ஜோக் அருவியும் அப்படித்தான். 253 மீட்டர் உயரத்திலிருந்து ஷராவதி ஆறு நான்கு கிளையாக விழும் இடம். 1964-இல் கட்டி முடித்த லிங்கனமக்கி அணை மேலே இருக்கிறது. மின்சாரத்துக்காக அணை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், கோடையில் போனால் வெறும் பாறைச் சுவரைப் பார்த்துவிட்டு வரலாம். ஆகஸ்டும் செப்டம்பரும்தான் அதற்கு மாதம். கேரளத்து அதிரப்பள்ளிக்கு மேலேயும் பெரிங்கல்குத்து அணை உண்டு. ஆனாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாலக்குடி ஆறு அகலமாகப் பாய்ந்து விழும். மழை உச்சத்தில் பார்க்கத் தகுந்த அருவி அது.

அணை நல்லதும் செய்யும். திற்பரப்பில் கோதையாறு ஓடுகிறது, பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்திருந்தால் மழையில்லாத நாளிலும் குளிக்கலாம்.

இதோடு இன்னொன்றையும் மனதில் வையுங்கள். குற்றாலம், கும்பக்கரை மாதிரி அருவிகளுக்கு நீர் பிடிக்கும் காடு சின்னது. மலையில் பெய்தால் சில மணி நேரத்தில் கீழே வெள்ளம், மழை நின்றால் சில நாளில் மெலிவு. காவிரி மாதிரி பெரிய ஆற்று அருவிகள் மெதுவாக ஏறி, வாரக்கணக்கில் நிற்கும். சின்ன ஓடை அருவிக்கு நேற்றைய மழையைக் கேளுங்கள், பெரிய ஆற்று அருவிக்குப் போன மாதத்து மழையைக் கேளுங்கள்.

நான்காம் படி: கிழமை

மாதம் சரியாக இருந்து கிழமை தப்பாகிவிட்டால் எல்லாம் போயிற்று. சீசனில் சனி, ஞாயிறு பேரருவியில் வரிசையில் நின்று, இரண்டு நிமிடம் தலையைக் காட்டிவிட்டு நகர வேண்டியிருக்கும். ஆடி அமாவாசை, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வரும் தொடர் விடுமுறை, சாரல் விழா நடக்கும் நாட்கள் ஆகியவற்றிலும் அப்படித்தான். செவ்வாய், புதன், வியாழன் மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். விடியற்காலை ஐந்தரை, ஆறுக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், முதல் நிமிடம் மூச்சு நிற்கும், அப்புறம் வெளியே வர மனசு வராது.

ஐந்தாம் படி: கிளம்பும் முன் மூன்று நாள்

மூன்று நாள் முன்பிருந்து சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். நீங்கள் போகும் மாவட்டத்தோடு, அருவிக்கு மேலே இருக்கும் மலைக்கும் பக்கத்து மாநிலத்துக்கும் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குற்றாலம் போகிறவர் கொல்லம், பத்தனம்திட்டா மாவட்டங்களையும் பார்க்கலாம். அறிவிப்பில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர். மிகக் கனமழை என்றால் 12 முதல் 20. அதிகனமழை 21-க்கு மேல். மிகக் கனமழை என்று வந்திருந்தால் குளியலை மறந்துவிட்டு நாளைத் தள்ளிப்போடுங்கள்.

முந்தின நாள் மாலை உள்ளூரில் யாரையாவது கேளுங்கள். தங்கும் விடுதிக்கே போன் செய்து, "தண்ணி வருதா?" என்பதோடு நிறுத்தாமல், "இன்னைக்குக் குளிக்க விட்டாங்களா, எந்த எந்த அருவியில விட்டாங்க?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எப்போதும் ஆமாம் என்றுதான் பதில் வரும். இரண்டாவதுக்குத்தான் உண்மை வரும். இணையத்தில் சுற்றும் வீடியோவை நம்ப வேண்டாம், அதில் பாதி போன வருடத்தது.

வனத்துறையின் பொறுப்பில் இருக்கும் அருவிகளுக்கு நேரமும் கட்டணமும் விடுமுறை நாளும் தனி. மணிமுத்தாறும் பாபநாசம் அகத்தியர் அருவியும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதியில் இருப்பவை. சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பையை வாங்கி வைத்துவிடுவார்கள், துணிப்பை கொண்டுபோங்கள்.

கையில் என்ன எடுப்பது என்று நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு செட் மாற்றுத்துணி, பருத்தித் துண்டு, வழுக்காத ரப்பர் செருப்பு, போனுக்குத் தண்ணீர் புகாத உறை. குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவோர் நிறைய இருந்த காலம் உண்டு. இப்போது எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதையும் அருவியில் பயன்படுத்தத் தடை. அந்தத் தண்ணீர்தான் கீழே குளத்துக்கும் வயலுக்கும் போகிறது, தயவுசெய்து மதியுங்கள்.

ஆறாம் படி: அருவிக்கரையில் தண்ணீரைப் படிப்பது

இதை நிதானமாகப் படியுங்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு போகிறவர்கள்.

2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அது சீசனுக்கு முந்தைய கோடை மழை. மே மாதத்தைப் பற்றி நான் பயப்படுவது இதனால்தான். பெரும்பாலான நாள் பாறை காய்ந்திருக்கும். ஒரு மாலை மலையில் இடிமழை பிடித்தால், கீழே வானம் வெளிறிக் கிடக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அருவிக்கு மேலே என்ன நடக்கிறது என்பது கீழே குளிப்பவருக்குத் தெரியாது.

ஆனால் தண்ணீர் கொஞ்சம் முன்னதாகச் சொல்லும். தெளிந்த தண்ணீர் கலங்கி, டீ நிறத்துக்கோ செம்மண் நிறத்துக்கோ மாறும். சருகும் சுள்ளியும் அதிகமாக விழும். இரைச்சல் கனக்கும், பக்கத்தில் பேசுவது கேட்காமல் போகும். இதில் ஒன்றைக் கண்டாலும் துணிமணியைத் தேடாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறுங்கள். ஓடையை ஒட்டியே கீழ்நோக்கி ஓடக் கூடாது, வெள்ளமும் அதே வழியில்தான் வரும். போலீஸ்காரர் விசில் ஊதினால் "இன்னும் ஒரு நிமிஷம் சார்" என்று கேட்காதீர்கள். மேலே என்ன வருகிறது என்று அவருக்குத் தகவல் வந்திருக்கும்.

பேரருவியில் பலரும் அறியாத ஒன்று உண்டு. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து கீழே வருகிறது. அதனால்தான் அத்தனை பெரிய அருவியில் மனிதர் நிற்க முடிகிறது. எல்லா அருவிக்கும் இப்படி ஒரு தாங்கல் இல்லை. பேரருவிக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் ஏறிப் போக அனுமதி இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. யாராவது "எனக்கு வழி தெரியும்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

ஏழாம் படி: தடை போட்டுவிட்டால்

எல்லாம் பார்த்துக் கிளம்பியும் சில நாள் தடை இருக்கும். மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும். பேரருவியில் தடை என்றால் ஐந்தருவியையும் புலியருவியையும் விசாரியுங்கள், எல்லா அருவியிலும் ஒரே நேரத்தில் தடை இருக்க வேண்டுமென்பதில்லை. தண்ணீர் குறைந்துதான் ஏமாற்றம் என்றால் பாபநாசத்துக்கு விடுங்கள். தென்காசியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அகத்தியர் அருவியில் வருடம் முழுக்கத் தண்ணீர் விழும், கோடையில் வந்துவிட்டவர்களை நாங்கள் கூட்டிப்போவதும் அங்கேதான். அந்த வேன் பிள்ளைகளையும் மறுநாள் காலை அங்கே கூட்டிப்போனேன். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடக் கூப்பிட ஒருவரும் தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை.

வெள்ளத்தால் எங்குமே விடவில்லை என்றால் திரும்பிப் போய்விடாதீர்கள். போலீஸ் நிற்கச் சொல்லும் இடத்தில் நின்று பேரருவியைப் பாருங்கள். பாறையே தெரியாமல் மலை முழுக்கத் தண்ணீராக இறங்கும், சாரல் சாலை வரை வந்து முகத்தில் அடிக்கும். பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் சித்திர சபைக்குப் போங்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று அது, உள்ளே சுவரெங்கும் ஓவியம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிரானூர் பார்டரில் புரோட்டா. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து விடுதிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ராத்திரி மலையில் மழை இல்லாதிருந்தால், காலையில் தடையை எடுத்திருக்க வாய்ப்பு உண்டு.